எஞ்சின் எண் பொருந்தவில்லை

ஆம்பூரிலிருந்து லாரி மேல் ஏறி வந்தது
சிவப்பு ஃபியட் ஸ்பைடர், எழுபத்து நாலாம் வருடத்து உடம்பு.
இரண்டு கண்டெய்னர் ஆட்டுத்தோலுக்குப் பணம் தர முடியாத
இத்தாலிக்காரன்
சாவியைத் தந்தானாம்.
ஜியாவுதீன் சாகிப் சொல்லும்போது
நஷ்டக் கணக்கு மாதிரியும் இருந்தது, நிக்காஹ் சேதி மாதிரியும் இருந்தது.

கோணவட்டத்தில் என் பட்டறை வாசலில்
இதுவரை நின்றவை டாட்டா ஏஸ், பொலேரோ,
ஒருமுறை மணல் லாரி, நம்பர் பிளேட் இல்லாமல்.

பானட்டைத் திறந்தேன். மே மாதம்.
ஸ்பேனரைத் துணி சுற்றித்தான் பிடிக்க முடியும்.
ஹெட்டில் இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதுக்கும் நடுவே விரிசல்.
பாலாற்று மண் மாதிரி வாய் பிளந்ததில்லை,
நகத்தில் விழும் கோடு போல.
அது வழியாகத் தண்ணீர் கசிந்து ஆயிலில் கலந்து
டீக்கடைப் பால் ஆகியிருந்தது.

"இதயத்தையே மாத்தணும்ங்கிறீங்க" என்றார்.
வேலூருக்கு வந்தால் எல்லோருக்கும் இந்த உவமைதான் வாயில் வருகிறது.
இதயத்துக்கு கியர்பாக்ஸ் கிடையாது பாய், என்றேன்.
இதுக்கு உண்டு. வம்பே அங்கதான்.

ஃபில்டர் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து எழுதினேன்.

ஜிப்ஸி எஞ்சின். நீளவாக்கில் உட்காரும், ஐந்து கியரும் கூடவே வரும்.
ராணுவ ஏலத்தில் கிடைக்கும். எடை குறைவு, வண்டி மூக்கைத் தூக்கும்.
கான்டெஸாவின் இசுஸு. நன்றாக இழுக்கும்.
சம்ப் குறுக்குக்கட்டையில் இடிக்கும், கட்டையை வெட்டணும்.
வெட்டினால் வெட்டினதுதான்.
ஸ்விஃப்ட் டீசல்: பிறந்தது இத்தாலி, வளர்ந்தது வேறு பெயரில் இங்கே.
சொந்தம்தான். ஆனால் குறுக்கே படுத்துப் பழகிய எஞ்சின்,
திருப்பி வைக்கிற செலவில் மாடி எடுக்கலாம்.
கடைசியில், பழையதையே பிரித்துப் போடுவது.
ஹெட், பிஸ்டன், வால்வு எல்லாம் கப்பலில் வரணும்.
எப்போது என்று கேட்கக் கூடாது.

அவர் விரல் கடைசி வரியில் நின்றது.
"ஒரிஜினல் போச்சுன்னா அப்புறம் அது என்ன கார்?"
இன்பராசு திரும்பிக்கொண்டு சிரித்தான்.
அவன் ஸ்ப்ளெண்டருக்குள் ஓடுவது பேஷன் எஞ்சின்.

வியாழக்கிழமை செயின் பிளாக்கில் தூக்கினோம்.
ஐம்பது வருட அழுக்கை டீசல் விட்டுக் கழுவினேன்.
எண் தெரிந்தது.
கப்பல் காகிதத்தில் இருந்த எண் வேறு.
மறுபடி துடைத்தேன். வேறுதான்.
இடது மவுண்டுக்குக் கீழே ஒரு பிராக்கெட்,
கம்பெனி போட்டதில்லை.
ஐந்து எம்எம் பட்டை, ஆக்ஸா பிளேடில் அறுத்தது.
ஒரு பக்கம் வெல்டிங் அழகு, மறுபக்கம் அவசரம்.
அந்தப் பக்கம் கை நுழையாது.

எந்த ஊர்க்காரனோ.
அவனும் ஒரு சாயங்காலம்
யாருக்கோ அட்டையில் எழுதிக் காட்டியிருப்பான்.

சாகிபுக்குப் போன் செய்தேன்.
அவர் பேசவில்லை, பின்னால் டேனரி டிரம் உருண்டது.
"அப்போ என்கிட்ட குடுத்ததே..."
டிரம் இன்னும் நாலைந்து சுற்று.
"ஜிப்ஸி எவ்வளவு சொன்னீங்க?"

ஆர்டிஓ ஆபீஸ் கதை தனி.
அங்கே ஊற்றிய ஆயிலில் இரண்டு எஞ்சின் ஓடும்.

மவுண்டுக்கு அடியில் நாலு எம்எம் இடித்தது.
தன் டேனரியின் சோல் தோலில் ஒரு துண்டு கொண்டுவந்தார்,
"நம்ம சரக்கும் உள்ள இருக்கட்டுமே."
ஆயில் குடிச்சு ஊதிடும், வேண்டாம் என்றேன்.
முகம் வாடிவிட்டது. சீட்டுக்கு வச்சுக்கலாம் பாய்.

அந்தப் பிராக்கெட்டை நான் வெட்டவில்லை.
தகடு ஒன்று கொடுத்து, துளையை அரை நூல் பெரிசாக்கியதும்
ஜிப்ஸியைப் பிடித்துக்கொண்டது.
அவன் வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே என்னுடையதும்.
கை நுழையாத பக்கம்
எனக்கும் அசிங்கமாகத்தான் விழுந்தது.

பள்ளிகொண்டா டோல்கேட் வரை ஓட்டிப் பார்த்தோம்.
எழுபதில் ஒரு நடுக்கம் வந்தது, எண்பதில் போய்விட்டது.
டோல் பையன் எட்டிப் பார்த்து,
"இது எந்த வண்டிண்ணா?" என்றான்.
சாகிப் என்னைப் பார்த்தார்.
நான் டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.